சாது என்றொரு ரகம்

1

சோமனூர்ப் பக்கத்தில் 'ரகம்' என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் துணி. இன்ன நூல், இன்ன அகலம், அங்குலத்துக்கு இத்தனை ஊடை என்று மூன்று நான்கு எண்களில் ஒரு ரகம் முடிந்துவிடும். பாவு நூலைக் கொடுப்பவர் ஒருவர். தறி வைத்திருப்பவர் இன்னொருவர். நெய்து தருவதற்குக் கூலி. கூலி ஒப்பந்தங்களில் 'சோமனூர் ரகம்' என்றே ஒரு பிரிவு உண்டு. இதில் எழும் தார்மிகச் சிக்கல்கள் எல்லாம் கூலியைப் பற்றியவை. துணியைப் பற்றி ஒரு சிக்கலும் இல்லை. சொன்ன எண்களுக்குப் பொருந்தும்படி நெய்யப்படுவதால் துணிக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது. துணிக்கென்று ஒரு பட்சம் இல்லை.

அதே சொல் பூனைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கோவையிலும் திருப்பூரிலும் பூனை வாங்க விரும்புகிறவர்கள் 'என்ன ரகம்?' என்று கேட்டுத்தான் தொடங்குகிறார்கள். நீள ரோமமுள்ள பெர்ஷியன் முதலில் வந்தது. பிறகு பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர் என்ற குட்டை ரோம ரகங்கள். விற்பவர்கள் சொல்லும் குணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: சாது, சத்தம் போடாது, குழந்தைகளோடு பழகும், தினமும் சீவிவிட வேண்டியதில்லை. முதல் மூன்றும் பூனையின் சுபாவத்தைச் சொல்வதாகவும், நான்காவது மட்டும் நம் சௌகரியத்தைச் சொல்வதாகவும் தோன்றும். சற்று நின்று பார்த்தால் நான்கும் ஒரே பட்டியலைச் சேர்ந்தவை என்று தெரியும்.

இக்கட்டுரையின் கேள்வி இது: ஓர் உயிரின் சாந்தத்தை முன்கூட்டியே நிர்ணயித்து, ரகமாக்கி, விலை கொடுத்து வாங்க முடிகிறபோது நாம் வாங்குவது எதை? அதன் பின் அந்த உயிருக்கு நாம் செய்யும் பராமரிப்புக்குத் தார்மிக ரீதியில் என்ன பெயர்?

சாது என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு உபயோகங்கள் உண்டு. ஒன்று, துறந்தவர். இன்னொன்று, மாட்டுத் தாவணியில் புழங்குவது. கயிற்றைப் பிடித்துப் பார்க்கிறவர் "முட்டுமுங்களா?" என்பார். விற்கிறவர் "கொழந்தையாட்டமுங்க, பொம்பளைங்களே புடிச்சுக் கட்டலாமுங்க" என்பார். இரண்டு உபயோகங்களிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. கோபப்பட முடிந்தும் படாதவனே சாது. முட்டக் கொம்பிருந்தும் முட்டாதது சாது. அதனால்தான் சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று ஒரு பழமொழி அந்தச் சொல்லின் கூடவே இருந்துவருகிறது. மிரளும் சாத்தியம் முழுக்க இல்லாமற் போன ஒன்றைச் சாது என்று சொல்ல நம் மொழியில் நியாயமில்லை. அதற்கு வேறு சொல் தேட வேண்டும். விலைப்பட்டியலில் உள்ள 'சாது' எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான் விஷயம்.

2

பூனையை ரகமாக்கும் காரியம் வயதில் மிகச் சிறியது. பூனை மனிதனோடு பல ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் அதன் அங்கங்களுக்கு மதிப்பெண் போட்டுப் பரிசு தரும் வழக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது. 1871 ஜூலை 13 ஆம் தேதி லண்டன் கிரிஸ்டல் பாலஸில் பெரிய பூனைக் கண்காட்சி ஒன்று நடந்தது. நடத்தியவர் ஹாரிசன் வெயர் என்ற ஓவியர். தெருவில் கல்லடிபட்டும் பட்டினியிலும் கிடந்த பூனையை ஜனங்கள் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நிறம், தலை, கண், ரோமம் என்று எதெதற்கு எத்தனை மதிப்பெண் என்ற இலக்கணத்தையும் அவரே வகுத்தார். 1887 இல் பிரிட்டனில் தேசியப் பூனைச் சங்கம் ஏற்பட்டபோது அவர்தான் முதல் தலைவர். சில ஆண்டுகளில் அதைவிட்டு விலகிவிட்டார். பூனையின் நலனைவிடப் பதக்கம் பெரிதாகிவிட்டது என்பது அவருடைய மனக்குறை. அன்பின் பொருட்டு எழுதப்பட்ட இலக்கணம் இருபது வருஷத்துக்குள் அன்புக்கு எதிராகத் திரும்பியதை எழுதியவரே இருந்து பார்த்தார்.

எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர் இந்த வரலாற்றில் பிந்தி வந்தது. அமெரிக்காவில் குட்டை ரோமப் பூனை வளர்த்தவர்கள் சிலர் பெர்ஷியனின் நிறத்துக்கும் திரட்சிக்கும் ஆசைப்பட்டு இரண்டையும் கலந்தார்கள். பிறந்த குட்டிகள் பழைய இலக்கணம் எதற்குள்ளும் அடங்கவில்லை. 1960களின் பின்பாதியில் அவற்றுக்கென்று தனிப் பெயரும் தனி இலக்கணமும் தரப்பட்டன. முகம் பெர்ஷியனுடையது: தட்டையான மூக்கு, உருண்டைக் கண், அகன்ற கன்னம். ரோமம் மட்டும் குட்டை. பெர்ஷியனைத் தினமும் சீவ வேண்டும். சீவாவிட்டால் சடை விழும். அந்த வேலையை நமக்கு மிச்சப்படுத்தியதுதான் இந்த ரகத்தின் சிறப்பு. சோம்பேறியின் பெர்ஷியன் என்று வளர்ப்பவர்களே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மெண்டலின் கணக்கு மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு முழுக்கக் கட்டுப்படவில்லை. நீள ரோமத்தின் மரபை ஒளித்து வைத்திருக்கும் இரண்டு குட்டை ரோமப் பூனைகள் சேர்ந்தால், சராசரி நான்கில் ஒரு குட்டி மறுபடியும் நீள ரோமத்தோடு பிறக்கிறது.

உருவத்தைப்போல் சுபாவமும் பரம்பரையில் இறங்குமா? ஒரு பகுதி இறங்குகிறது. தகப்பனைக் கண்ணால் காணாத குட்டிகளிடமும் தகப்பனின் சுமுகம் தெரிகிறது என்று சாண்ட்ரா மக்கியூன் 1995 இல் காட்டினார். 2019 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் விசாரித்துக் கணக்கிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த இனங்களில் சுபாவ வேறுபாட்டின் ஏறத்தாழப் பாதியைப் பரம்பரை விளக்கியது. மீதிப் பாதியில் குட்டிப் பருவத்துக்குப் பெரிய பங்குண்டு. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி மனிதனை நம்புகிறது. அந்தக் காலம் தவறினால் அந்த நம்பிக்கையைப் பின்னால் உண்டாக்குவது கடினம். ஆக, ரகத்தின் பெயரில் விற்கப்படும் சாந்தத்தில் கணிசமான பாகம் எந்தத் தறிக்குடோன் பூனையின் குட்டிக்கும் ஐந்து வாரக் கவனத்தில் கிடைக்கக்கூடியது. விலை வைக்க முடியாததால் அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

அதே ஹெல்சிங்கி ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. மனிதனைத் தானாக நாடி வருவதில் மிகக் குறைந்த நாட்டம் காட்டிய இனங்களில் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் முன்னால் நின்றது. இந்தப் பூனையை வளர்ப்பவர்களுக்கு இது புதிதாக இராது. தூக்கினால் அதற்குப் பிடிக்காது. மடியில் வைத்தால் இறங்கிப் போகும். நாம் இருக்கும் அறையிலேயே எட்ட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதன் அமைதிக்குள் ஒரு 'வேண்டாம்' இருக்கிறது. அது வெளியேயும் தெரிகிறது. விலைப்பட்டியலில் இந்தப் பூனையும் எக்ஸாட்டிக்கும் ஒரே சாது. தார்மிகமாக இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தட்டை முகத்தை நெருங்கிப் பார்த்தால்தான் காண முடியும்.

3

1943 இல் கொன்ராட் லோரென்ஸ் குழந்தை முகத்தைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார். பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தில் தாழ்ந்து அமைந்த பெரிய கண், உப்பிய கன்னம், சிறிய மூக்கு: இந்தச் சேர்க்கையைக் கண்டால், அது எந்தப் பிராணியிடம் இருந்தாலும், நம்மிடம் பராமரிக்கும் உணர்ச்சி எழும்பிவிடுகிறது. எக்ஸாட்டிக்கின் முகம் இந்தச் சூத்திரத்துக்கு எழுதிய உதாரணம்போல இருக்கிறது. வளர்த்த பூனையின் உடம்பில் மனிதக் கைக்குழந்தையின் முகம். நம் பரிவைத் திறக்கும் சாவியை அறிந்து, அதை ஒரு மண்டையோட்டில் செதுக்கிவிட்டார்கள். செதுக்கியவர்கள் லோரென்ஸைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. தலைமுறைதோறும் எது நம்மை 'ஐயோ பாவம்' என்று சொல்லவைத்ததோ அதைத் தேர்ந்துகொண்டே வந்தார்கள், அவ்வளவுதான்.

செதுக்கலின் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறொரு குட்டை ரோமப் பூனை சாட்சி. 1930 இல் பர்மாவிலிருந்து வாங் மாவ் என்ற ஒரு பெண் பூனை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டது. பர்மியப் பூனை என்ற ரகம் அதிலிருந்து தொடங்கியது. பின்னால் அமெரிக்கப் பர்மியப் பூனைகளில் முகம் உருண்டு மூக்கு குறுகிய ஒரு வழி பரிசுகளைத் தட்டிச் சென்றது. அந்த வழியைச் சேர்ந்த இரண்டை இணைத்தபோது சில குட்டிகள் மேல்முகமும் மண்டையும் சரியாக உருவாகாமல் பிறந்தன. அவை பிழைக்கக்கூடியவை அல்ல. 2016 இல் லெஸ்லி லையன்ஸ் குழுவினர் இதற்கான மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் முகம் குறுகுகிறது; இருவரிடமிருந்தும் வந்தால் முகமே இல்லாமற் போகிறது. பரிசு வாங்கிய அழகும் சவமாகப் பிறந்த குட்டியும் ஒரே வஸ்துவின் இரண்டு அளவுகள். அழகு ஒரு மாத்திரை, விகாரம் இரண்டு மாத்திரை. அழகியலைப் பற்றி எழுதுகிற நாம் சும்மா தாண்டிப் போக முடியாத உண்மை இது.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2020 இல் லாரன் ஃபிங்காவும் மற்றவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பல இனப் பூனைகளின் முகப் படங்களில் கண், காது, மூக்கு, வாய் இவை அமைந்த இடங்களை அளந்து, வலியில் இருந்த சாதாரணப் பூனைகளின் முகத்தோடு ஒப்பிட்டார்கள். காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்ட் போன்ற சில இனங்களின் சாதாரண முகமே வலி முகத்துக்கு நெருங்கியதாக இருந்தது. அதாவது வலி இல்லாதபோதும் வலி எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வலி வந்தபோது தனியாக எழுத இடம் இல்லை. முகத்தை நம் ரசனைக்கு ஏற்பத் திருத்தியதில் அந்த முகம் பேசிய மொழி கலைந்துவிட்டது.

பூனைக்குச் சைகைகள் குறைவு. காதைப் பின்னால் மடக்கும்; கண்ணை இடுக்கும்; கன்னத்தை இழுக்கும்; மீசை ரோமத்தை முன்னும் பின்னும் அசைக்கும். இந்தச் சிறு அகராதியைக் கொண்டுதான் அது நமக்கு 'போதும்' என்றும் 'விடு' என்றும் 'நோகிறது' என்றும் சொல்லிவந்தது. எலும்பைத் தட்டையாக்கினால் அந்த அகராதியில் பக்கங்கள் போய்விடுகின்றன. மூச்சுவிடச் சிரமப்படும் பிராணி அதிகம் ஓடாது, குதிக்காது. ஓடாததைச் சாந்தம் என்றோம். முகம் அசையாததைச் சாந்தம் என்றோம். சுபாவம் என்று நாம் புகழ்ந்ததில் எத்தனை பங்கு சுபாவம், எத்தனை பங்கு இயலாமை, எத்தனை பங்கு நம் வாசிப்பின் குறை என்று பிரித்துச் சொல்ல வழியில்லாத நிலைக்கு வந்துவிட்டோம்.

1997 இல் பிரான்ஸில் ஆற்றிய ஓர் உரையில் ழாக் தெரிதா, தன் பூனை தன்னை நிர்வாணமாகப் பார்த்ததால் ஏற்பட்ட கூச்சத்திலிருந்து தொடங்கி, விலங்கைப் பற்றிய மேற்கத்திய தத்துவம் முழுவதையும் கேள்விக்குள்ளாக்கினார். விலங்கை நாம் பார்ப்பதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்த தத்துவவாதிகள், விலங்கு தங்களைப் பார்ப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர் வாதம். நல்ல வாதம். ஆனால் தெரிதாவின் பூனையிடம் அதன் பார்வை அதனிடமே இருந்தது. இங்கே பிரச்னை ஒரு படி முந்தையது. நாம் பேசுவது பார்க்கும் முகத்தையே நாம் வரைந்து கொடுத்துவிட்ட பூனையைப் பற்றி. அது நம்மை நோக்கும்போது நாம் காண்பது பெரும்பாலும் நம் விருப்பத்தை.

4

இனி பராமரிப்பு. தட்டை மூக்குப் பூனையின் கண்ணீர்க் குழாய் எலும்போடு சேர்ந்து வளைந்துவிடுவதால் கண்ணீர் மூக்குக்குள் வடியாமல் கன்னத்தில் வழிகிறது. தினமும் வெந்நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். விட்டால் கறை படியும், தோல் மடிப்பில் புண் வரும். தாடை குறுகியதால் பல் நெரிசல். ஆழமான கிண்ணத்தில் வைத்த தீனியை எடுக்க வராது. தட்டையான தட்டில் வைக்க வேண்டும். பூனைக்கு வியர்வை பாதங்களில் மட்டும்தான். மற்றபடி நக்கிக்கொள்ளும் எச்சில் உலர்வதாலும், மிஞ்சினால் இளைப்பதாலும்தான் உடம்பு ஆறும். மூக்குத் துவாரம் இடுங்கிய பூனைக்கு இளைப்பதே சிரமம். தகரக் கூரையின் கீழே சித்திரை வெயில் கொதிக்கும் ஊரில் அதற்கு நிழலும் ஓடும் காற்றும் வேண்டும். வசதி இருந்தால் குளிர்சாதனம். பெர்ஷியன் ரத்தத்தில் வந்த சிறுநீரகக் கட்டி நோய் ஒன்றும் உண்டு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரலாம். அதன் மரபணு மாற்றம் 2004 இல் கண்டறியப்பட்டது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்துச் சோதித்துவிடலாம். குட்டி வாங்குகிறவர் தாய் தகப்பனின் சோதனைச் சீட்டைக் கேட்பது அழகைக் கேட்பதைவிட முக்கியம்.

இவற்றைச் செய்கிறவர்கள் உண்டு. மனசோடு செய்கிறவர்கள். தினமும் காலையில் ஒரு பூனையின் கண்ணைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போகிறவரின் பிரியத்தை நான் சந்தேகிக்கவில்லை. கேள்வி அந்தப் பிரியத்தின் ஸ்தானத்தைப் பற்றியது. வழியில் அடிபட்டுக் கிடந்த பூனையின் கண்ணைத் துடைப்பது கருணை. நாம் ரசிப்பதற்காக வளைக்கப்பட்ட குழாயிலிருந்து வழிவதைத் துடைப்பது, பட்ட கடனுக்கு வட்டி. வட்டியை ஒழுங்காகக் கட்டுவது நல்ல காரியம்தான். கட்டாமல் விடுவது இன்னும் மோசம். ஆனால் வட்டி கட்டுகிறவன் தன்னைத் தர்மவான் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

நம் சிந்தனை மரபில் பூனைக்கு ஓர் அபூர்வமான இடம் உண்டு. வைணவத்தில் தென்கலை, வடகலை பேதத்தை விளக்க இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தாயே வாயில் கவ்விக் கொண்டுபோகும். அது மார்ச்சார நியாயம். பிள்ளை லோகாசாரியரின் வழியில் வந்தவர்களுக்கு இந்த இரண்டாவதே சரணாகதியின் உருவம். முயற்சியற்றுக் கிடத்தல், மற்றதெல்லாம் எடுப்பவன் பொறுப்பு.

தட்டைமுகப் பூனையை வைத்துக்கொண்டு இந்த உவமையைப் பார்த்தால் எங்கே உடைகிறது என்பது தெரியும். தலை பெரிதாகவும் அகலமாகவும் ஆக்கப்பட்டதால் பிரசவம் கடினமாகலாம். தட்டைத் தாடைத் தாய்களில், பனிக்குடத்தைக் கடித்துக் கிழிக்கவும் கொடியைத் துண்டிக்கவும் திணறுகிறவை உண்டு. பக்கத்தில் ஒரு மனிதக் கை காத்திருக்க வேண்டும். கவ்வ வேண்டிய வாயை நாம் எடுத்துக்கொண்டோம். பிறகு கையை நீட்டினோம். மார்ச்சார நியாயத்தில் குட்டி முயற்சியற்றுக் கிடப்பது ஒரு நிலை. கொஞ்ச நாளில் அது கண் திறக்கும், நடக்கும், தாயைவிட்டு விலகும். இங்கே அந்த நிலை ஆயுள் பரியந்தம் நீடிக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. சரணாகதி என்பதற்கு, பற்றிக்கொள்ள முடிந்தும் விட்டுவிட்டேன் என்ற ஒரு அசைவு தேவை. கையை வெட்டிவிட்டு, பற்றாமல் இருக்கிறான் பார் என்பது சரணாகதி ஆகாது.

5

இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது தத்துவ ரீதியானது. இந்தப் பூனைக்கு வேறு முகம் சாத்தியமே இல்லை. வேறு முகம் என்றால் அது வேறு பூனை. இந்த முகத்தோடு பிறப்பது, அல்லது பிறக்காமலே இருப்பது, இரண்டில் ஒன்று. பிறந்ததில் அதற்குச் சந்தோஷங்களும் உண்டு: வெயில் துண்டில் படுக்கிறது, சாப்பிடுகிறது, விளையாடுகிறது. அப்படியானால் யாருக்குத் தீங்கு செய்தோம்? டெரெக் பார்ஃபிட் 1984 இல் வெளியிட்ட நூலில் எதிர்காலத் தலைமுறைகளைப் பற்றி எழுப்பிய புதிர் இதுவே. ஒரு குறிப்பிட்ட நபருக்குத் தீங்கு நேர்ந்தால்தான் தவறு என்று பிடிவாதம் பிடித்தால் புதிர் அவிழாது. பார்ஃபிட் காட்டிய வழி வேறு: இரண்டில் ஒன்றுதான் பிறக்கப்போகிறது என்றால், மோசமாக வாழப்போகிற ஒன்றைத் தெரிந்தே பிறப்பிப்பது, அது யாராக இருந்தாலும், மோசமான காரியம். பூனை விஷயத்தில் இது இன்னும் தெளிவு. மூக்குள்ள பூனையும் பிறக்கலாம், மூக்கற்றதும் பிறக்கலாம் என்ற இடத்தில் நின்று நம் கண்ணுக்காக இரண்டாவதைத் தேர்ந்தோம். தவறு அந்தத் தேர்வில் இருக்கிறது. பிறந்த பூனையிடம் ஒரு தவறும் இல்லை. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ரகத்தை நிராகரிக்கும் உற்சாகத்தில் இருக்கிற பூனையை அருவருக்கிறவர்களும் உண்டு.

இரண்டாவது ஆட்சேபம் நம் மண்ணைச் சேர்ந்தது. திருப்பூர் தாண்டிப் போனால் காங்கயம். அந்த நாட்டு மாடும் ரகம்தானே? பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பேணிய மந்தை அந்த இனத்தின் சரித்திரத்தில் பெரிய இடம் வகிக்கிறது. காரி, மயிலை, செவலை, பிள்ளை என்று நிறத்துக்குப் பெயர் உண்டு. சந்தையில் பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். சுழியில் என்ன இருக்கிறது? பூனையின் கண்ணிறத்துக்கு மதிப்பெண் தருவதைப்போலவே அதுவும் ஒரு கண் பிரமைதான். நாம் மட்டும் யோக்கியர்கள் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. காயடித்தல், மூக்கணாங்கயிறு, சூடு போடுதல் எல்லாம் நம்மிடமும் இருந்தவை.

இருந்தும் ஒரு பேதம் உண்டு. காங்கயம் மாட்டைச் சோதித்தது மனிதக் கண் மட்டுமல்ல. மேட்டாங்காட்டு மண் சோதித்தது. கவலை இறைக்கும் கிணற்றுச் சரிவு சோதித்தது. மழை பொய்த்த வருஷத்தின் கொழுக்கட்டைப் புல் சோதித்தது. சுழி நன்றாக இருந்து கால் நொண்டினால் மாடு நிற்காது. தேர்வு செய்தவனின் ரசனைக்கு மேலே, பிராணியின் உடம்பு தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்ற ஒரு மேல்முறையீடு இருந்துகொண்டே இருந்தது. கண்காட்சிப் பூனைக்கு அந்த மேல்முறையீடு கிடையாது. நடுவரின் மேஜையே கடைசி நீதிமன்றம். அதன் மூச்சு போதாவிட்டால் நாம் மருந்து வாங்குவோம். பிரசவம் ஆகாவிட்டால் வயிற்றைக் கீறுவோம். நம் பணமும் பிரியமும் சேர்ந்து அந்தத் தவற்றை அடுத்த தலைமுறைக்குக் கடத்திவிடும். பராமரிப்பு எவ்வளவு சிறப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ரகம் நிலைபெறுகிறது. இந்தச் சுழலில் பராமரிப்பவர் அறியாமல் பங்குதாரர் ஆகிவிடுகிறார்.

சட்டம் இங்கே அதிகம் உதவாது. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017 இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அவை நாயைக் குறித்தவை. 1960 ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்த உயிருக்குச் செய்யும் வதையைப் பேசுகிறது. பிறப்பிலேயே எழுதப்பட்ட வதை அதன் கண்ணில் படுவது கடினம். ஆகவே பொறுப்பு வாங்குகிறவனின் மனசாட்சியில் வந்து நிற்கிறது.

6

எதிர்ப் பக்கத்தில் ஒரு பொய்யான சொர்க்கத்தை நிறுத்திவிடக் கூடாது. பாவு நூலில் ஏறிய கஞ்சிக்காக எலி வருகிறது. எலிக்காகத் தறிக்குடோனில் பூனை இருக்கிறது. யாரும் அதை விலைக்கு வாங்கவில்லை, சாது என்று சொல்லவும் மாட்டார்கள். நெருங்கினால் எழுந்து போய்விடும். மூக்கு இருக்கிறது, காது இருக்கிறது, 'வேண்டாம்' இருக்கிறது. கூடவே பசி இருக்கிறது. ஈற்றில் பாதிக் குட்டிகள் தங்குவதில்லை. தடுப்பூசி கிடையாது, சாலையில் லாரி உண்டு. சுதந்திரம் என்று பெயர் சொல்லி அதை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வகை அலட்சியம்தான். குடோன் பூனைக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது, கவனிப்பார் இல்லை. ரகப் பூனைக்குக் கவனிப்பார் உண்டு, மறுக்க வழி இல்லை. இரண்டும் ஒரே பிராணிக்குக் கிடைக்கக் கூடாது என்று எந்த இயற்கை விதியும் இல்லை. நம் ஏற்பாடுதான் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது.

பிராணியின் சாந்தத்தை மதிக்க ஒரே வழி, அது சாந்தமாக இல்லாமலும் இருக்க இடம் விடுவது. இதை ஸ்தூலமாகவே சொல்லலாம். கண்மட்டத்தில் மூக்கு ஒளிந்துகிடக்கும் குட்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், காசு கொடுத்து வாங்காமல் இருப்பது. ஒவ்வொரு விலையும் அடுத்த ஈற்றுக்கு முன்பணம். கைவிடப்பட்டதாக அதே முகம் வந்து சேர்ந்தால் மறுக்காமல் எடுத்துக்கொள்வது. இனப்பெருக்கம் ஆகாமல் பார்த்துக்கொள்வது. கடைசிவரை கண்ணைத் துடைப்பது. எந்தப் பூனையானாலும், ஏறி உட்கார ஓர் உயரமும், போய் ஒளிந்துகொள்ள ஓர் இருட்டும் வீட்டில் விட்டுவைப்பது. மடியிலிருந்து இறங்கினால் திரும்பத் தூக்காமல் இருப்பது. முகம் பேச முடியாத பூனையிடம், வாலையும் முதுகையும் மூச்சின் சத்தத்தையும் சாப்பிடும் அளவையும் கொண்டு படிக்கக் கற்றுக்கொள்வது. அது சத்தமில்லாமல் இருக்கும் நாளில் திருப்திப்படுவதற்கு முன்னால் ஒருமுறை சந்தேகப்படுவது.

இதற்குமேல் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சாதுவான பூனையைக் கேட்கிறவர்கள் சாதுவான மாட்டை மட்டும் கேட்டு நின்றவர்கள் அல்ல. வேலைக்கு ஆள் வைக்கும்போதும், பெண் பார்க்கும்போதும், 'வாய் திறக்காது, சொன்ன பேச்சைக் கேட்கும்' என்பதை ஒரு நற்சான்றாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். மனிதர்கள் விஷயத்தில் அந்த ஆசை முழுதும் நிறைவேறியதில்லை. சோமனூரில் தறிகள் வாரக்கணக்கில் நின்ற 2022 ஆம் வருஷம் அதற்கு ஒரு சான்று. தறியை நிறுத்த முடிந்தவர்களோடு கூலியைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. பூனை விஷயத்தில் அந்த ஆசை எலும்புவரை நிறைவேறிவிட்டது. நிறைவேறிய இடத்தில் அது எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தத் தட்டை முகத்தைக் கொஞ்ச நேரம் கொஞ்சாமல் பார்க்கலாம்.